கடமை, குடிமை, காணி: நொபொரு கராஷிமாவும் தமிழ்க் கல்வெட்டுச் சொற்பொருளாய்வும்

முன்னுரை

தமிழ்க் கல்வெட்டுகளின் மொழி, இன்றைய தமிழ் படிப்பவருக்குப் பழக்கமான மொழி போலத் தோன்றும். ஊர், நாடு, சேரி, காணி, கடமை, குடிமை, வெட்டி முதலான சொற்களுக்கு அகராதியைப் புரட்ட வேண்டிய தேவை எழுவதில்லை. பொருள் தெரிந்தவை என்று எண்ணப்படும் இத்தகைய சொற்களில்தான் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் வழி தவறுகிறார். தெரியாத சொல் படிப்பவரை நிறுத்தி எச்சரிக்கும். தெரிந்ததாகத் தோன்றும் சொல் எச்சரிக்கையின்றி அவரைக் கடந்து செல்ல விடும்.

இச்சிக்கலுக்கு முறைப்படியான தீர்வு ஒன்றைக் கண்டவர்களுள் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா (1933-2015) குறிப்பிடத்தக்கவர். 1961 முதல் 1964 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், காவிரிக்கரைக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அயல்நாட்டு மாணவர் ஒருவர் தமிழகக் கோயில் வட்டாரங்களின் எழுத்துச் சான்றுகளை எவ்வாறு அணுகினார், அவ்வணுகுமுறை சொற்பொருளாய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் எதைத் தருகிறது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோயிலும் ஆவணமும்

ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கல்விப் பயணம் மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி சீனம் வழியாக ஜப்பான் சென்று, 752-ஆம் ஆண்டில் நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் பெரும் புத்தர் சிலையின் கண்திறப்புச் சடங்கை நடத்தினார். அவரைத் தென்னிந்தியர் என்று ஜப்பானிய மரபு குறிக்கிறது. கராஷிமாவின் பயணம் இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. போதிசேனர் சமயத்தைக் கற்பிக்கச் சென்றார். கராஷிமா நிலவுரிமையையும் வரியையும் பற்றிக் கற்க வந்தார்.

நாராவின் கோயில் வட்டாரத்தையும் தஞ்சாவூரின் கோயில் வட்டாரத்தையும் ஒப்பிட்டு நோக்க இடமுண்டு. இரண்டிலும் வழிபாட்டிடமே ஆவணக் காப்பகமாகவும் அமைந்துள்ளது. தோதாய்ஜியின் கருவூலமான ஷோசோயினில் 702-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப் பதிவேடுகள் சில எஞ்சியுள்ளன. அவை திட்டமிட்டுப் பாதுகாக்கப்பட்டவையல்ல. பயன் முடிந்த அரசுத் தாள்களின் பின்புறத்தைக் கோயிலின் சூத்திரப் படியெடுப்பு அலுவலகம் பயன்படுத்திக் கொண்டதால் அவை தப்பின. தஞ்சைப் பெரிய கோயிலிலோ, முதலாம் இராசராசன் (985-1014) வழங்கிய ஊர்களின் நில அளவும் வரி நீக்கமும் நிலைத்திருக்க வேண்டும் என்னும் நோக்குடனேயே கல்லில் வெட்டப்பட்டன. தாளாயினும் கல்லாயினும், மன்னர் புகழைக் காட்டிலும் சாதாரண மக்களின் நிலமும் வரியும் குடியிருப்பும் பற்றிய செய்திகளே அவற்றில் மிகுதி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜப்பானிய வரலாற்றியலில் நிலவுடைமை, ஆசியச் சமூகங்களின் வளர்ச்சிப் படிநிலைகள் ஆகியவை பற்றிய விவாதம் முனைப்பாக நடந்தது. இந்தியக் கிராமம் காலங்காலமாக மாறாத பொதுவுடைமைக் குழு என்னும் பழைய கருத்து உண்மைதானா என்னும் வினா அவ்விவாதத்தில் எழுந்தது. அதற்கு விடை காணும் சான்று தமிழகக் கோயிற் சுவர்களில் இருந்தது. ஆயினும் அச்சான்று சொற்களாக இருந்தது. சொற்களின் பொருள் உறுதிப்பட்டாலன்றி வரலாறு எழுத இயலாது.

2. அல்லூரும் ஈசானமங்கலமும்

1966-இல் கராஷிமா வெளியிட்ட ஆய்வு, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரையை ஒட்டிய அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சோழர்கால ஊர்களைப் பற்றியது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டிலும் அவர் இப்பொருள் பற்றிப் பேசினார். பேரரசின் வரலாற்றை விடுத்து, அருகருகே அமைந்த இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டது அக்காலத்தில் புதிய அணுகுமுறை.

ஈசானமங்கலம் பிரமதேயம், அல்லூர் பிரமதேயம் அல்லாத ஊர். ஈசானமங்கலத்தில் நிலத்தைத் தனித்தனி ஆட்கள் உரிமையாகக் கொண்டு விற்றனர். அல்லூரில் நிலத்தை விற்றவர்கள் ‘ஊரோம்’ என்று தம்மைக் குறித்துக்கொண்ட குழுவினர். இவ்வேறுபாட்டைக் காட்டுவது ஓர் இலக்கணக் கூறு என்பது மொழியியலாரின் கவனத்துக்குரியது. ஊரோம், சபையோம், நாட்டோம், நகரத்தோம் என்னும் வடிவங்களில் பெயர்ச்சொல்லோடு தன்மைப் பன்மை விகுதி சேர்ந்து, ஆவணத்தில் பேசுபவர் யார் என்பதை உணர்த்துகிறது. இவ்விகுதியை விட்டுவிட்டு ‘ஊர்’ என்பதைக் குடியிருப்பு என்று மட்டும் மொழிபெயர்த்தால், நிலத்துக்கு உரியவராகக் கையெழுத்திட்ட குழு மறைந்துவிடும். ‘ஊர்’ என்பது இடமும் ஆகும். அவ்விடத்து நிலவுரிமையாளரின் அவையும் ஆகும். எப்பொருள் எங்கே பொருந்தும் என்பதைச் சூழலே முடிவு செய்கிறது.

பிற்காலச் சோழர் ஆவணங்களை ஆராய்ந்தபோது, கீழ்க்காவிரிப் பகுதியில் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுரிமை பெருகியதையும், சிலர் கையில் நிலம் குவிந்ததையும் கராஷிமா எடுத்துக்காட்டினார். மாறாத கிராமம் என்னும் கருத்து இதனால் வலுவிழந்தது.

3. மைப்படிகளும் மைசூரும்

கல்வெட்டுச் சொல் ஆய்வாளரின் மேசைக்கு வருவதற்கு முன் பல கைகளைக் கடக்கிறது. முதலில் கல் நீரால் கழுவித் தேய்க்கப்படும். நனைத்த தாள் அதன்மேல் பரப்பப்பட்டு, எழுத்தின் குழிவுகளில் பதியுமாறு தூரிகையால் தட்டப்படும். பின்னர் மை ஒற்றப்படும். கறுத்த பரப்பில் எழுத்துகள் வெண்மையாகத் தெரியும். இதுவே மைப்படி.

1886-இல் ஊல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்டபின் இப்பணி முறைப்படி தொடங்கியது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. முதல் மூன்று தொகுதிகளில் மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. 1923-இல் வந்த நான்காம் தொகுதி முதல் மூலம் மட்டுமே அச்சாயிற்று. அச்சுப் பணி விரைவதற்கு இது உதவியது. ஆனால் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் காணும் பொறுப்பு அதன்பின் அவற்றைப் படிப்பவரையே சார்ந்தது.

கராஷிமா மாணவராக இருந்த ஆண்டுகளில் தலைமைக் கல்வெட்டாளர் அலுவலகம் உதகமண்டலத்தில் இயங்கியது. 1966-இல் அது மைசூருக்கு மாற்றப்பட்டது. அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் படியெடுப்புகளும் அங்கே குவிந்திருந்தன. சோழர் கால ஆய்வை அச்சான தொகுதிகளைக் கொண்டு ஓரளவு நடத்தலாம். விசயநகரக் காலத் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு அது போதாது. கராஷிமாவும் அவருடைய தமிழக ஆய்வுத் துணைவர்களும் மைசூரின் படியெடுப்புகளை நாடியதற்கு இதுவே காரணம். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-இல் தொடங்கப்பட்டதும் இதே நகரில்தான். இன்றைய மொழிகளை ஆராயும் நிறுவனமும் பழைய ஆவணங்களைப் படிக்கும் அலுவலகமும் ஒரே நகரில் அமைந்தமை தமிழ்ச் சொல் வரலாற்றுக்கு வாய்த்த நல்வாய்ப்பாகும்.

மைப்படியைப் படிப்பதே முதல் மொழிபெயர்ப்பு எனலாம். இடைக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் எழுத்தில் வேறுபடுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவின. எனவே நான்கு குறிகளில் எழுதப்பட்ட ஒரு சொல்லைக் ‘கரணம்’ என்றும் படிக்கலாம். ‘காணம்’ என்றும் படிக்கலாம். முன்னது ஆவணத்தையோ கணக்கரையோ குறிக்கும். பின்னது பொன்னளவையோ கொள்ளையோ குறிக்கும். எழுத்து இரண்டுக்கும் இடம் தரும்போது, முன்னும் பின்னும் வரும் சொற்களே படிப்பை உறுதிசெய்ய வேண்டும். கோயில் திருப்பணிகளின்போது கற்கள் இடம்மாறியும், மணல் வீச்சால் எழுத்துகள் தேய்ந்தும் போன இடங்களில் மைப்படியே மூலமாகிவிடுகிறது. அதைப் படித்தவர் செய்த முடிவை மீண்டும் சோதிக்க வேண்டுமாயின், மைப்படி பாதுகாப்பாகவும் எளிதில் காணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

4. சொல்லை எண்ணும் முறை

தாய்மொழியாளர் கல்வெட்டைப் படிக்கும்போது அவருடைய மொழியுணர்வு இடைவெளிகளை நிரப்புகிறது. அயல்மொழி மாணவருக்கு அவ்வுணர்வு இல்லை. கராஷிமா இக்குறையை ஒரு முறையாக மாற்றினார். ஒரு சொல் எத்தனை இடங்களில், எந்த வட்டாரத்தில், எந்தக் காலப்பகுதியில், எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று தொகுத்து, அத்தொகுப்பிலிருந்து பொருளை வருவிப்பதே அம்முறை. சோழர் காலத்தை 849-985, 985-1070, 1070-1178, 1178-1279 என நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டது இதற்கு அடித்தளமாயிற்று. நானூறு ஆண்டுகளை ஒரே சொற்பரப்பாகக் கொள்ளும் வழக்கம் இதனால் மாறியது.

பி. சீதாராமனுடன் இணைந்து 1972-இல் அவர் வெளியிட்ட வரிச்சொல் ஆய்வும், எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் இணைந்து 1978-இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டு ஆட்பெயர்த் தொகுப்பும் இம்முறையின் பயன்களாகும். ஊர்ப்பெயரோடு ‘உடையான்’, ‘கிழவன்’ முதலான சொற்கள் சேர்ந்த பெயர்களும், ‘மூவேந்தவேளான்’ போன்ற பட்டங்களும் காலத்தோறும் கூடியும் குறைந்தும் வருவதைக் கொண்டு, நிலவுரிமையின் மாற்றத்தையும் அரசு அலுவலரின் பெருக்கத்தையும் அளக்க முடிந்தது. பட்டமும் பெயரும் அதுவரை அடைமொழிகளாகக் கடந்து செல்லப்பட்டவை. இத்தொகுப்பில் அவை சான்றுகளாயின.

வரிச்சொற்களில் இம்முறையின் பயன் தெளிவாகப் புலப்படுகிறது. ‘கடமை’ என்பதற்கு இன்று ஒருவர் செய்யத்தக்க செயல் என்பதே முதற்பொருள். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் அது நிலத்தின் மீதான முதன்மை வரியின் பெயர். முற்காலத்தில் ‘இறை’ என்னும் சொல் வழங்கிய இடங்களில் பின்னர்க் ‘கடமை’ பெருகி வருவது, அது வரிவிதிப்பின் குறிப்பிட்ட ஒரு கட்டத்துக்குரிய சொல் என்பதை உணர்த்துகிறது. ‘கடமை இறுத்தல்’ என்னும் தொடரைக் கடமையாற்றுதல் என்று மொழிபெயர்த்தால், நெல்லளந்த உழவன் நற்பண்புடையவனாகக் காட்சியளிப்பான். அவன் அளந்த நெல் மறைந்துவிடும்.

‘குடிமை’ என்னும் சொல் மூன்று காலங்களில் மூன்று பொருள் தருகிறது. திருக்குறளில் அது உயர்குடிப் பிறப்பின் பண்பைக் குறிக்கும் அதிகாரத் தலைப்பு. கல்வெட்டில் அது குடிகளிடமிருந்து பெறப்பட்ட வரியினத்தின் பெயர். இன்று குடிமைப் பணி, குடிமைப் பொருள் போன்ற தொடர்களில் அது அரசோடும் குடிமக்களோடும் தொடர்புடைய அடைமொழி. ‘வெட்டி’ என்பது இன்று பயனின்மையைச் சுட்டும். கல்வெட்டில் அது கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பு. வடமொழி ‘விஷ்டி’யோடு தொடர்புபடுத்தப்படும் சொல். கூலியில்லா உழைப்பு பயனில்லா உழைப்பாகப் பொருள் மாறியதற்குள் ஒரு சமூக வரலாறு அடங்கியுள்ளது.

‘சேரி’ என்னும் சொல்லும் கவனத்துக்குரியது. இன்று அது ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைக் குறிக்கும். தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களாக ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுடன் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி முதலியனவும் வருகின்றன. அதே கோயிலின் ஆடல் மகளிர் நானூற்றுவர் வாழ்ந்த தெருக்களும் ‘தளிச்சேரி’ எனப்பட்டன. பிராமணர் ஊராகிய உத்தரமேரூரிலோ பன்னிரண்டு சேரிகளும் முப்பது குடும்புகளும் இருந்தன. ஆகவே ‘சேரி’ அக்காலத்தில் ஓர் ஊரின் பகுதி என்னும் பொதுச்சொல். இழிவோ உயர்வோ அதன் முன்னொட்டில்தான் உண்டு. ‘தீண்டா’ என்னும் முன்னொட்டு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசு ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது என்னும் செய்தியை, எல்லாச் சேரிகளையும் ஒரே வகையாக மொழிபெயர்ப்பவர் இழந்துவிடுவார். அவ்வாறே ‘ஈழச்சேரி’யை இலங்கையோடு இணைப்பதும் பொருந்தாது. தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்னும் விதி அக்காலச் செப்பேடுகளில் வருவதால், அது கள்ளிறக்குவோர் குடியிருப்பு என்பது தெளிவாகிறது.

5. காணியாளர் யார்?

ஒரு சொல்லின் தவறான மொழிபெயர்ப்பு வரலாற்றையே தலைகீழாக்கும் என்பதற்குக் ‘காணி’ சிறந்த எடுத்துக்காட்டு. எண்ணளவில் அது எண்பதில் ஒரு பங்கு. நில அளவையில் அது ஒரு குறிப்பிட்ட பரப்பு. இலங்கைத் தமிழில் அது பொதுவாக நிலம். கல்வெட்டில் அது வழிவழியாக அனுபவிக்கும் உரிமை. அவ்வுரிமை நிலத்துக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் பணிக்கும் உண்டு.

1429-ஆம் ஆண்டில், விசயநகர ஆட்சிக் காலத்தில், வலங்கையினரும் இடங்கையினரும் ஒன்றுகூடி எடுத்த முடிவுகள் காவிரிப் பகுதியிலும் அதன் வடக்கிலும் பல கோயில்களில் வெட்டப்பட்டுள்ளன. திருவைகாவூர், ஆடுதுறை, எலவானாசூர் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் அவற்றுள் அடங்கும். விளைவுக்கு ஒத்த வரியையே தருவது, அதற்கு மேல் கேட்பவர்க்கு இணங்காதிருப்பது, அவர்களுக்குத் துணைபோவோரை விலக்குவது என்பன அம்முடிவுகளின் சாரம். அவர்கள் எதிர்த்த தரப்பில் அரசு சார்ந்த ‘இராசகரத்தார்’ இருந்தனர். அவர்களோடு ‘காணியாளரும்’ இருந்தனர். கராஷிமாவும் சுப்பராயலுவும் 1983-இல் இக்கல்வெட்டுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர்.

இங்கே ‘காணியாளர்’ என்பதைச் சிறுநிலம் உடையவர் என்று மொழிபெயர்த்தால், ஒடுக்கியவர் ஒடுக்கப்பட்டவராகத் தோன்றுவர். ‘இராசகரம்’ என்பதை மன்னனின் கை என்று பிரித்துப் பொருள் கொண்டால், வரி கேட்டு வந்த அலுவலர் மறைந்துபோவர். உழுதவரும் தொழில் செய்தவரும் கல்லில் பதித்துவிட்டுச் சென்ற அரிய குரல்களுள் இது ஒன்று. அவர்கள் யாரை எதிர்த்தனர் என்பதையாவது மொழிபெயர்ப்பு சரியாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

6. முறையின் எல்லைகள்

எண்ணிக்கை முறைக்கும் எல்லைகள் உண்டு. எஞ்சிய கல்வெட்டுகளையே எண்ண முடியும். செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்த கோயில்களின் ஆவணங்கள் இல்லை. ஓலையில் எழுதியவை பெரும்பாலும் அழிந்தன. கல்வெட்டில் பேசுபவர் பெரும்பாலும் நிலமும் பொருளும் உடையவர். எனவே ஒரு சொல் குறைவாக வருவதைக் கொண்டு அது வழக்கில் குறைவு என்று முடிவு செய்தல் கூடாது. ஒரே ஒருமுறை வரும் சொல்லுக்கு எண்ணிக்கை எதையும் கூறாது. அங்கே வட்டார வழக்கறிவும் இலக்கியப் பயிற்சியும்தான் துணை.

கராஷிமாவின் முக்கிய ஆய்வுகள் பலவும் தமிழ்நாட்டு அறிஞர்களோடு இணைந்து செய்யப்பட்டவை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். சோழ நாட்டின் அரசியல் நிலவியலை வரைந்த சுப்பராயலு (1973), சோழர் வருவாய்த் துறையை ஆராய்ந்த ப. சண்முகம் (1987) ஆகியோரின் நிலப்பரப்பறிவும் எழுத்தறிவும் இல்லாமல் அந்த எண்ணிக்கைகள் பொருள் பெற்றிரா. அயலாரின் ஐயமும் உள்நாட்டாரின் அறிவும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டன என்பதே சரியான கூற்று.

இதே காலத்தில் வேறொரு ஜப்பானிய அறிஞரான சுசுமு ஓனோ (1919-2008), தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்னும் கருதுகோளை ஒலியொப்புமைகளைக் கொண்டு முன்வைத்தார். அது தமிழகத்தில் பெரும் ஆர்வத்தை எழுப்பியது. எனினும் மொழியியலாரிடையே பரவலான ஏற்பைப் பெறவில்லை. கராஷிமாவின் பணிக்கு இவ்வுறவு தேவைப்படவில்லை. தமிழைத் தம் மொழிக்கு உறவாகக் கொள்ளாமல், தனக்கே உரிய வரலாறு கொண்ட மொழியாக அணுகியதில்தான் அதன் வலிமை உள்ளது.

முடிவுரை

உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகக் கராஷிமா பொறுப்பேற்றிருந்த காலத்தில், 1995-இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடைபெற்றது. 2013-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருடைய முறையின் தொடர்ச்சியைச் சுப்பராயலு பதிப்பித்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியில் (2002-2003) காணலாம். சொல்லுக்குப் பொருளோடு அது வரும் இடத்தையும் காலத்தையும் காட்டும் அத்தகைய கருவி நூல்கள் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இருத்தல் வேண்டும்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை ஆறு மாதங்களுக்குள் சென்னைக்கு மாற்றுமாறு உத்தரவிட்டது. மைப்படிகள் எந்நகரில் இருக்க வேண்டும் என்னும் வினா பலராலும் விவாதிக்கப்பட்டது. அவை எந்நகரில் இருப்பினும், மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இன்றியமையாதவை மூன்று: ஒவ்வொரு மைப்படியும் படித்தறியத்தக்க மின்படிமமாகக் கிடைத்தல், அதன் படியெடுப்பு உடன் இருத்தல், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வழியிருத்தல். இவை அமையும்போது, ‘கரணம்’ என்றோ ‘காணம்’ என்றோ ஒருவர் என்றோ எடுத்த முடிவை இன்னொருவர் சோதித்தறிய இயலும்.

கல்வெட்டுத் தமிழைப் பொறுத்தவரை இன்றைய தமிழர் அனைவரும் ஓரளவு அயல்நாட்டு மாணவரே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஊரில் அவர்களும் விருந்தினர். அறிந்த சொல்லையும் அறியாத சொல்லாகக் கருதி, அது வரும் இடங்களை எல்லாம் பார்த்தபின் பொருள் எழுதும் பொறுமை இருப்பின், ‘கடமை’யும் ‘காணி’யும் தம் காலத்துப் பொருளைத் தாமே உணர்த்தும்.